முற்றத்திலா, கராஜிலா, கம்பனியிலா: எந்தக் கார் வேலையை எங்கே செய்வது?

காருக்குச் சேவிஸ் கிட்டிவிட்டால் யாழ்ப்பாணத்தில் மூன்று வழி உண்டு. ஒயிலையும் பில்ரரையும் வாங்கிவந்து வீட்டு முற்றத்தில் தானே மாற்றலாம். தெரிந்த கராஜில் காலையில் விட்டுப் பின்னேரம் எடுக்கலாம். கம்பனிச் சேவிஸ் நிலையத்தில் நாள் பதிந்து கொண்டுபோகலாம். இந்த மூன்றையும் கூலியை வைத்து ஒப்பிடுவதுதான் வழக்கம். ஆனால் ஒயில் மாற்றும் கூலி, ஒயிலின் விலைக்குப் பக்கத்தில் வைத்தால் சில்லறை. வீட்டில் செய்வதன் உண்மையான லாபம் வேறு: எஞ்சினுக்குள் என்ன ஒயில் போனது, எத்தனை லீற்றர் போனது, எந்த நட் எவ்வளவு இறுகியது என்பதெல்லாம் சந்தேகமில்லாமல் தெரிந்திருக்கும். நட்டம் என்னவென்றால், வேலை பிழைத்தால் கேட்க ஆள் இல்லை.

அதனால் கூலியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு வேலைக்கும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இதில் பிழை விட்டால் அது எங்கே தெரியவரும்? எயார் பில்ரர் பெட்டியின் கிளிப் சரியாகப் பூட்டாவிட்டால் முற்றத்திலேயே தெரியும். ஒயில் பில்ரர் ஒழுகினால் ஸ்ரார்ட் பண்ணிய அரை நிமிடத்தில் தரையில் தெரியும். ஸ்ரியரிங்கை முன்சில்லோடு இணைக்கிற ரை ரொட் முனை பிழைத்தால் முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் எழுபதில் போகும்போது தெரியும். முதல் இரண்டும் வீட்டு வேலை, மூன்றாவது இல்லை.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஆகவே இங்கே ஓடுகிற கார்களில் பெரும்பங்கு வயதானவை: கொரோலா 121, அக்சியோ 141, விற்ஸ், அல்ரோ, வகன் ஆர், அக்குவா. 121இலும் 141இலும் பரவலாக இருப்பது 1.5 லீற்றர் 1என்இசட் எஞ்சின். கீழே வேறு கார் என்று சொல்லாத இடங்களில் அளவுகள் அதற்கானவை.

ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் என்ற பழைய இங்கிலாந்துக் கார் ஓடின காலத்தில் இந்தப் பிரிப்பே தேவைப்படவில்லை. யுத்தத்தோடு பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில், பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டின கார்களை இங்கத்தைய கராஜ்காரர்தான் ஓடவைத்தார்கள். அதற்குக் காதும் கையும் போதுமாக இருந்தது. இன்றைய காரில் காது பாதி, கார்க் கம்பியூற்றரின் பழுதுக் கோட்டை வாசிக்கிற ஸ்கானர் பாதி.

ஒயில்: வீட்டுக்குத்தான் முதலிடம்

முற்றத்தில் செய்ய மிகத் தகுந்த வேலை இதுதான். 1என்இசட் எஞ்சினுக்கு பில்ரரோடு மாற்றும்போது 3.7 லீற்றர் போகும். கடையில் கிடைப்பது 4 லீற்றர் கான். அவசரமான கராஜில் கான் முழுவதையும் கவிழ்த்துவிடுவார்கள். 300 மில்லிலீற்றர் கூடுவதால் இந்த எஞ்சினுக்குப் பெரிய கேடு வராது. ஆனால் 3 லீற்றருக்கும் குறைவாகக் கொள்கிற அல்ரோ 800க்கும் அதே கை அதே கானைக் கவிழ்த்தால், கிராங்க் ஒயிலில் அடிபட்டு நுரை எழும்பும். நுரைத்த ஒயிலால் பெயாரிங்கில் அழுத்தம் நிற்காது. வீட்டில் 3.5 ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து டிப்ஸ்ரிக் பார்த்து மிச்சத்தை விடலாம். அந்த ஐந்து நிமிடம் கராஜில் யாருக்கும் இல்லை.

வேலை இப்படி. பத்து நிமிடம் ஓடவிட்டு எஞ்சினைச் சூடாக்குங்கள். கொதிக்க வேண்டாம், ஒயில் இளகினால் போதும். சீமெந்து நிலத்தில் நிறுத்தி, ஹாண்ட்பிறேக் இழுத்து, பின்ரயருக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். எங்கள் முற்றங்கள் பெரும்பாலும் மணல். மணலில் ஜக்கு வைத்தால் ஒரு பக்கம் புதைந்து கார் சரியும். மணல்தான் வழி என்றால் ஜக்குக்கும் ஸ்ராண்டுக்கும் கீழே ஒரு அங்குலத் தடிப்புள்ள, ஒரு அடி சதுரப் பலகை வேண்டும். சீமெந்துக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுக் காருக்குக் கீழே போகிற பழக்கம் இங்கே நிறைய உண்டு. அந்தக் கல்லு மெதுவாக நசியாது, ஒரேயடியாகத்தான் வெடிக்கும். ஜக்கு ஸ்ராண்ட் இரண்டு வாங்க மனமில்லாதவர் இந்த வேலையைக் கராஜுக்கே விடட்டும்.

எஞ்சின் அடியில் ஒயில் தங்குகிற சம்பின் வடிகால் போல்ற்றுக்கு 14 மில்லிமீற்றர் ரிங் ஸ்பானர். ஓப்பன் ஸ்பானர் போட்டால் தலை மழுங்கும். வடிய விட்ட பிறகு புது வோஷரோடு 38 நியூட்டன் மீற்றர் இறுக்கம். ரோர்க் றெஞ்ச் இல்லாவிட்டால், குட்டை ஸ்பானரை ஒரு கையால் பிடித்து உறுதியாக இழுத்து நிறுத்துங்கள், காலால் உதைக்காதீர்கள். ஒயில் சம்பில் பல்லு போன கார்களில் முக்கால்வாசிக்குக் காரணம், நீண்ட குழாய் செருகி இறுக்கியதுதான்.

பில்ரரைக் கழட்டியதும் அதன் ரப்பர் வளையம் பில்ரரோடு வந்ததா என்று பாருங்கள். சில வேளை அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன்மேல் புதுசைப் பூட்டினால் இரண்டு வளையமும் வழுக்கி, ஸ்ரார்ட் பண்ணியதும் ஒயில் முழுவதும் வெளியே பாயும். புதுப் பில்ரரின் வளையத்துக்கு விரலால் ஒயில் தடவி, முட்டும் மட்டும் கையால் சுற்றி, அதன்பின் முக்கால் சுற்று. அவ்வளவுதான். பில்ரர் றெஞ்ச் கழட்ட மட்டும்.

எந்த ஒயில் என்பதில் ஒரு பழைய நம்பிக்கையோடு முரண்பட வேண்டியிருக்கிறது. “எஞ்சின் பழசு, சூடான ஊர், கெட்டியான 20டபிள்யூ-50 விடுங்கோ” என்பார்கள். 1என்இசட்டில் வால்வு நேரத்தை மாற்றுகிற விவிரி அமைப்பு ஒயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது, அதன் வழிகள் ஒடுக்கம். கெட்டி ஒயில் காலை ஸ்ரார்ட்டில் மேலே ஏறப் பிந்தும். 5டபிள்யூ-30 போதும். உண்மையிலேயே ஒயில் குடிக்கிற எஞ்சினென்றால் 10டபிள்யூ-40 வரை போகலாம். அக்குவாவுக்கு 0டபிள்யூ-20.

காலம்: 5,000 கிலோமீற்றர் அல்லது 6 மாதம். யாழ்ப்பாணத்தில் முந்துவது பெரும்பாலும் மாதக் கணக்குத்தான். திருநெல்வேலியிலிருந்து ரவுணுக்கு, அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு என்று மூன்று நாலு கிலோமீற்றர் ஓட்டம் ஓடுகிற காரின் ஒயில் முழுச்சூடு கொள்வதேயில்லை. எரியாத பெற்றோலும் ஈரமும் அதற்குள் தங்கும். மீற்றரில் 2,000 தான் ஏறியிருக்கிறது என்று ஒரு வருடம் விட வேண்டாம்.

வடித்த ஒயிலை வேலியோரம் ஊற்றாதீர்கள். நாம் குடிக்கிற தண்ணி பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கிற நிலத்தடி நீர். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து ஊரே பவுசர்த் தண்ணிக்குக் காத்திருந்தது மறக்கிற விசயமில்லை. அதே 4 லீற்றர் கானில் ஊற்றி மூடி கராஜில் கொடுத்தால், அவர்கள் சேர்த்து வைத்து விற்கிற பீப்பாவுக்குள் விட்டுவிடுவார்கள்.

கிணற்றுத் தண்ணியும் ரேடியேற்றரும்

மற்ற ஊர்க்காரரைவிட நாங்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது இது. கேத்தில் அடியில் படிகிற வெள்ளைப் படை ரேடியேற்றர்க் குழாய்க்குள்ளும் படியும். கடலோரக் கிணறுகளில் உப்பும் சேர்ந்திருக்கும், உப்பு அலுமினியத்தை ஊசித் துளையாக அரிக்கும். கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணியிலும் உப்புப் போகாது, சுண்ணாம்பிலும் ஒரு பங்குதான் குறையும். அவசரத்துக்கு ஊற்ற வேண்டி வந்தால் கடையில் விற்கிற டிஸ்ரில்ட் வோட்டர் ஒரு போத்தல் டிக்கியில் கிடக்கட்டும்.

ரொயோற்றாவின் பிங்க் நிறக் கூலன்ற் கலந்தே வருகிறது, தண்ணி சேர்க்கத் தேவையில்லை. முதல் மாற்றம் 160,000 கிலோமீற்றரில், பிறகு 80,000க்கு ஒருமுறை என்பது உற்பத்தியாளர் கணக்கு. ஆனால் யப்பானிலிருந்து வந்த பழைய காருக்குள் இப்போது கிடப்பது அந்தக் கூலன்ற்தானா என்பது யாருக்கும் தெரியாது. நிறத்தை நம்பிப் பயனில்லை. நிறம் வெறும் சாயம், கம்பனிக்குக் கம்பனி மாறும். சந்தேகமென்றால் ஒருமுறை முழுவதும் வடித்துப் புதிதாக விட்டு, தேதியை மாஸ்கிங் ரேப்பில் எழுதிப் பொனற்றின் உள்பக்கம் ஒட்டிவிடுவது நல்லது.

வடிப்பதும் விடுவதும் வீட்டு வேலைதான், எஞ்சின் முழுவதும் ஆறியிருந்தால். சூடான ரேடியேற்றர் மூடியைத் துணி போட்டுத் திறக்கிற வித்தை வேண்டாம். வெளியே வந்ததை ஒரு கானில் அளந்து வைத்தால் எவ்வளவு விட வேண்டும் என்பது தெரிந்துவிடும். விட்டபின் மூடியைத் திறந்தபடியே ஸ்ரார்ட் பண்ணி, ஹீற்றரை உச்சச் சூட்டில் வைத்து, ரேடியேற்றர் பான் ஒருமுறை சுற்றி நிற்கும்வரை விடுங்கள். குமிழி வருவது நின்று, ஹீற்றரில் சூட்டுக் காற்று வந்தால் உள்ளே காற்று அடைபடவில்லை. மறுநாள் காலை ரிசேவ் ரான்க்கில் மட்டம் பார்த்து மிச்சத்தை விடவேண்டும். இந்த மறுநாள் பார்வைதான் கராஜில் தவறுகிறது, கார் அன்று மாலையே வீட்டுக்குப் போய்விடுகிறதே.

இன்னொரு விசயம். “இந்தச் சூட்டுக்குத் தேர்மோஸ்ரற் தேவையில்லை” என்று கழட்டி எறிகிற கைகள் இன்னும் உண்டு. தேர்மோஸ்ரற் என்பது எஞ்சின் சூடேறும்வரை கூலன்றை ரேடியேற்றருக்குப் போகவிடாத வால்வு, இந்த எஞ்சினில் 82 பாகையளவில் திறப்பது. அது இல்லாவிட்டால் ஏ9 ஓட்டத்தில் எஞ்சின் குளிராகவே கிடந்து, கம்பியூற்றர் பெற்றோலைக் கூட்டி விடும். சூடேறுகிற காருக்குக் காரணம் அடைந்த ரேடியேற்றராகவோ, பழுதான மூடியாகவோ, சுற்றாத பானாகவோ இருக்கும். தேர்மோஸ்ரற் பிழைத்தால் புதுசு போட வேண்டும்.

பிறேக்: பாதி வீடு, பாதி கராஜ்

முன் பிறேக் பாட் மாற்றுவதைச் செய்யத் தெரிந்தவர் வீட்டில் செய்யலாம். பிறேக் ஒயில் லைனைத் திறக்கிற எதையும் கராஜுக்கு விட வேண்டும். வீட்டுக்கும் கராஜுக்கும் நடுவே கோடு போட வேண்டிய இடம் இதுதான்.

பாட் 3 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்ற வேண்டிய நேரம். பாட்டைத் தட்டோடு அழுத்துகிற கலிப்பரின் கீழ்ப் போல்ற்றை, 14 மில்லிமீற்றர், கழட்டி மேலே தூக்கினால் போதும், முழுவதையும் கழட்டத் தேவையில்லை. முழுவதும் கழட்டினால் கலிப்பரை ரப்பர் ஹோசில் தொங்கவிடாமல் கம்பியால் சஸ்பென்சன் சுருளில் கட்டுங்கள். பிஸ்ரனை உள்ளே தள்ளுமுன் மேலே பிறேக் ஒயில் பாத்திரத்தைப் பாருங்கள். பாட் தேயத் தேய யாராவது மேலே விட்டு நிரப்பியிருந்தால், தள்ளும்போது நிரம்பி வழியும், வழிந்த இடத்தில் பெயின்ற் கழரும். கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டுத் தள்ளவும்.

உப்புக் காற்று பிறேக்கில் செய்கிற வேலை, கலிப்பர் வழுக்கி நகர்கிற சிலைட் பின்னில் தெரியும். உள்பாட் தேய்ந்து வெளிப்பாட் புதுசாக இருந்தால் பின் இறுகிவிட்டது என்று அர்த்தம். பண்ணை வீதியாலும் பொன்னாலைப் பாலத்தாலும் நாளும் போய்வருகிற தீவுப் பகுதிக் கார்களில் இது சீக்கிரம் வரும். பின்னை வெளியே இழுத்து, பிறேக் கிளீனரால் துடைத்து, பிறேக்குக்கென்று விற்கிற சிலிக்கோன் கிறீஸ் மெல்லிதாகப் பூசுங்கள். பெயாரிங்குக்குப் போடுகிற சாதாரண கிறீஸ் ரப்பர்ப் பூட்டை ஊதவைத்து, பின்னைப் பழையபடி இறுக்கும். கொரோலாவின் சிலைட் பின் போல்ற்றுக்கு 34 நியூட்டன் மீற்றர் போதும்.

எல்லாம் பூட்டி முடித்ததும் காரை அசைக்க முன்னம் பிறேக்கை மிதித்து மிதித்துப் பெடல் கல்லாகும்வரை வையுங்கள். தள்ளிய பிஸ்ரன் பாட்டுக்குக் கிட்ட வர சில மிதி வேண்டும். இதை மறந்து றிவேர்ஸ் எடுத்தவரின் கார் மதிலில்தான் நிற்கும்.

வீல் நட் விசயத்தில் வீடு கராஜை வெல்கிறது. ரயர்க் கடையில் காற்றுத் துப்பாக்கியால் அடித்து இறுக்கினால் ஒரு நட் தளரும், மற்றது ஸ்ரட்டை இழுக்கும். ரொயோற்றாவுக்கு 103 நியூட்டன் மீற்றர், நட்சத்திர வரிசையில். ரயரை எப்படியும் கடையில்தான் மாற்றுவீர்கள். வீட்டுக்கு வந்ததும் நட்டுகளைத் தளர்த்தி கையால் திரும்ப இறுக்குவது பத்து நிமிட வேலை, வழியில் பஞ்சரானால் உங்களால் கழட்டக்கூடியதாகவும் இருக்கும்.

பிறேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய 121இல் இரண்டு பேர் இருந்தால் வீட்டிலும் செய்யலாம் என்பார்கள். ஆனால் காற்றுப் புகுந்துவிட்டால் அது தெரியவருவது நல்லூர் வீதியில் ஒரு சைக்கிள் குறுக்கே வரும்போது. கராஜுக்குக் கொடுத்து, புது ஒயில் போத்தலை உங்கள் முன் உடைக்கச் சொல்லுங்கள். அதைவிட வேறு சிக்கனம் இதில் வேண்டாம்.

சின்ன வேலைகள்

எயார் பில்ரர், ஏசி கபின் பில்ரர், வைப்பர், பற்றரி, பிளக்: இவற்றுக்குக் காசு கொடுப்பது சோம்பலுக்குக் கொடுப்பது. சோளகக் காற்றுக் காலத்தில் உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் தூசு எயார் பில்ரரைச் சீக்கிரம் அடைக்கும். 20,000 கிலோமீற்றர் என்று காத்திராமல் வைகாசிக்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். தட்டித் தூசு உதிர்க்கலாம், கொம்பிறசரால் கிட்ட வைத்து ஊதினால் கடதாசி கிழியும். கபின் பில்ரர் டாஷ்போட்டில் கையுறைப் பெட்டிக்குப் பின்னால். காற்றோட்ட அம்புக்குறியைப் பார்த்துச் செருகுங்கள்.

பிளக்கில் ஒரு எச்சரிக்கை: குளிர்ந்த எஞ்சினில் மட்டும் கழட்டவும், 16 மில்லிமீற்றர் சொக்கற்றால் கையாலேயே சுற்றி ஏற்றவும், முடிவில் 18 நியூட்டன் மீற்றர். பிளக் ஏறுகிற எஞ்சின் தலை அலுமினியம். குறுக்காக ஏறிய பிளக் ஒன்று, வீட்டில் மிச்சம் பிடித்த அத்தனை கூலியையும் தின்றுவிடும்.

பற்றரியை ஒரு மல்ற்றிமீற்றர் சொல்லிவிடும். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ற் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் இல்லாவிட்டால் பற்றரியைக் குறை சொல்லமுன் அதைச் சார்ஜ் பண்ணுகிற அல்ரனேற்றரைப் பாருங்கள். வகன் ஆர் போன்ற, தானாக நின்று ஸ்ரார்ட் ஆகிற கார்களுக்குச் சாதாரண பற்றரி போட்டால் சீக்கிரமே படுத்துவிடும். அதற்கென்ற வகை விலை கூட, வேறு வழியில்லை.

சிவிரி, அதாவது பெல்ற்றில் ஓடுகிற ஓட்டோ கியரின் ஒயிலை இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம். பல புதிய கார்களில் டிப்ஸ்ரிக்கே இல்லை. குறிப்பிட்ட ஒயில் வெப்பநிலையில், காரை மட்டமாகத் தூக்கி, வழிகிற துளையால் அளவு பார்க்க வேண்டும். சாதாரண ஓட்டோ ஒயிலைச் சிவிரிக்குள் விட்டால் பெல்ற் வழுக்கி கியர்ப் பெட்டியே போகும். இதற்குக் கம்பனி, அல்லது ஸ்கானர் வைத்திருக்கிற கராஜ்.

கம்பனிக்கு மட்டும் உரியது என்று ஒன்றைச் சொல்லலாம்: தகாதா எயார்பாக். அந்த ஊதுகுழலுக்குள் இருக்கிற அமோனியம் நைத்திரேற் சூட்டிலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கெடும். வெடிக்கும்போது இரும்புத் துண்டுகள் பறந்து உலகெங்கும் பலர் இறந்திருக்கிறார்கள். கொரோலா உட்படப் பல யப்பான் கார்கள் திரும்பப் பெறும் பட்டியலில் உள்ளவை. எங்கள் காலநிலை அதற்கு வேண்டிய காலநிலையேதான். சஸி நம்பரைக் கொடுத்து உங்கள் கார் பட்டியலில் உள்ளதா, மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். வீட்டில் எயார்பாக்கைத் தொட வேண்டாம்.

ஹைபிறிட்

அக்குவாவின் ஹைபிறிட் பற்றரி 144 வோல்ற். இன்வேற்றர் அதை 520 வோல்ற் வரை கூட்டுகிறது. செம்மஞ்சள் நிற வயர் போகிற எந்த இடமும் வீட்டு வேலைக்கு வெளியே. பற்றரி இணைப்பைத் துண்டிக்கிற சேவிஸ் பிளக்கைக் கழட்டிய பிறகும் கப்பாசிற்றரில் தேங்கிய மின்சாரம் இறங்கப் பத்து நிமிடம் காத்திருப்பது பயிற்சி பெற்றவர்களுக்கே விதி.

ஆனால் பற்றரியைச் சாகாமல் வைத்திருக்கிற முக்கிய வேலை வீட்டிலேயே உண்டு. பின் இருக்கையின் கீழே பக்கவாட்டில் பற்றரிக்குக் காற்று இழுக்கிற துவாரம் இருக்கிறது. பிள்ளைகளின் சாப்பாட்டுத் துகளும் செம்மண்ணும் நாய் மயிரும் அங்கே அடைந்தால் பற்றரி வெந்துபோகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடியைக் கழட்டி வலையைத் தூசு தட்டுங்கள். அதன்மேல் சாமான் பை வைக்காதீர்கள்.

ஸ்கானரில் பி0ஏ80 என்ற ஹைபிறிட் பற்றரிப் பழுதுக் கோட் வந்தால் அடுத்த முடிவு: புதுப் பற்றரியா, செல் மாற்றுவதா? அக்குவாவில் 7.2 வோல்ற் மொடியூல் 20 தொடராக இணைந்திருக்கும். பழுதான இரண்டை எடுத்து வேறு காரில் இருந்த இரண்டைப் போட்டால் எச்சரிக்கை லைற் அணையும், காசும் குறைவு. மிச்சம் 18உம் அதே வயது என்பதால் அடுத்தது எப்போது என்பதுதான் கேள்வி. காரை விற்கப் போகிறவருக்குச் செல் மாற்றுவது சரிவரலாம், வாங்குபவருக்குச் சொல்லிவிட்டு. வைத்து ஓட்டப்போகிறவர் முழுப் பொதியாக, எழுத்தில் உத்தரவாதத்தோடு வாங்குவது நல்லது.

ஹைபிறிட் பிறேக் பாட்டை முற்றத்தில் மாற்றுகிற ஆசையையும் விடவேண்டும். கதவைத் திறந்தாலே பிறேக் பம்ப் விழித்து அழுத்தம் ஏற்றும். கலிப்பர் கழட்டியிருக்கும்போது அது நடந்தால் பிஸ்ரன் வெளியே வரும், விரல் இடையில் இருந்தால் விரலும் போகும்.

ஏசிக்கும் இதே பிரிப்பு. காஸ் அடிப்பது எந்தக் காரிலும் கடை வேலை, அதுவும் பம்பால் உள்ளே உள்ள காற்றை முழுதாக இழுத்து, காஸின் நிறையைப் பார்த்து விடுகிற கடை. “காஸ் குறைஞ்சு போச்சு” என்றால் எங்கோ ஒழுகுகிறது, ஒழுக்கைத் தேடாமல் நிரப்புவது ஒரு கோடைக்குத்தான் காணும். ஹைபிறிட் என்றால் ஒரு கேள்வி கட்டாயம்: கொம்பிறசருக்கு என்ன ஒயில்? மின்சாரக் கொம்பிறசருக்கு மின்கடத்தாத ஒயில் தனியாக உண்டு. பெல்ற்றால் சுற்றுகிற கொம்பிறசருக்குப் போடுகிற பிஏஜி ஒயில் கொஞ்சம் கலந்தாலும் காப்பு குறைந்து கார் ஓடவே மறுக்கும். கடைக்காரருக்கு இந்தக் கேள்வி புதுசாக இருந்தால் காரைத் திருப்பிக்கொண்டு வாருங்கள்.

மேம்படுத்தல்: வெளிச்சமும் பாட்டும்

இரவில் லைற் இல்லாத சைக்கிளும் வீதியில் படுத்த மாடும் உள்ள ஊரில் கூடுதல் வெளிச்சம் வேண்டும் என்பது நியாயமான ஆசை. வழிகள் மூன்று. 100/90 வாற் பல்ப் போடுவது மலிவு. ஆனால் 100 வாற் என்றால் ஒரு பக்கத்துக்கு 8 அம்பியருக்கு மேல். 60/55 வாற்றுக்கென்று போட்ட வயரும் பிளாஸ்ரிக் ஹோல்டரும் இளகும், ரிலே வயரிங் இல்லாமல் இது வேண்டாம். அடுத்தது எல்ஈடி பல்ப். ஹலஜன் பல்ப்புக்காக வளைத்த கண்ணாடிக்குள் அதைச் செருகினால் ஒளி சிதறி, எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். உங்களுக்கு முன்னால் வெள்ளை வெளிச்சம் தெரியும், ஐம்பது மீற்றருக்கு அப்பால் பழையதைவிடக் குறைவு. மூன்றாவதுதான் எங்கள் தெரிவு, அதற்குச் செலவும் குறைவு: மஞ்சளித்த லைற் முகத்தைத் தண்ணி விட்டு 800, 1500, 2000 நம்பர் எமரித் தாளால் வரிசையாகத் தேய்த்து, பொலிஷ் போட்டு, யூவி காப்புள்ள கிளியர் அடிப்பது. அதன்பின் நல்ல கம்பனியின் புது 60/55 பல்ப் இரண்டு. கிளியர் அடிக்காவிட்டால் எங்கள் வெயிலுக்கு ஆறு மாதத்தில் திரும்ப மஞ்சளிக்கும்.

அன்ரொயிட் பிளேயரும் பின் கமராவும் பொறுமையுள்ளவருக்கு வீட்டு வேலை. உங்கள் மாடலுக்கான சொக்கற் வயரை வாங்குங்கள், காரின் வயரை வெட்டாதீர்கள். மஞ்சள் வயர் நிரந்தர மின்சாரம், சிவப்பு சாவியோடு வருவது. இரண்டையும் சேர்த்துக் கட்டுகிற கடைகள் உண்டு, அப்படிக் கட்டினால் நாலு நாள் நின்ற கார் ஸ்ரார்ட் எடுக்காது. பூட்டி முடித்ததும் காரைப் பூட்டி அரைமணி பொறுத்து மல்ற்றிமீற்றரைப் பற்றரி மறை முனையோடு தொடராக இணைத்துப் பாருங்கள். 50 மில்லி அம்பியருக்குக் கீழே வர வேண்டும்.

அடிப்பக்கத் துருவுக்குக் கழிவு ஒயில் பூசுகிற பழக்கம் ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கிறது. ரப்பர்க் கோற்றிங் நல்லது, ஆனால் உப்பின்மேலும் துருவின்மேலும் அடித்தால் துருவை உள்ளே பூட்டி வைத்த மாதிரி. மெழுகு வகைக் காப்பு வருடாவருடம் அடிக்க வேண்டியது என்றாலும் இங்கே அதுதான் ஏற்றது. கீழே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். எது அடித்தாலும் கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை அடைக்க விடாதீர்கள்.

சாமான்

எங்கே வேலை செய்தாலும் சாமானை நீங்களே வாங்குவது நல்லது. ஸ்ரான்லி வீதிக் கடைகளில் கிடைக்காதது கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்சில் பார்சலாக வரும். மூன்று தரம்: ஜெனுவின், வேறு கம்பனியின் புதுசு, யப்பானில் பாவித்தது. தேய்கிறது, ரப்பர், பெல்ற், வோட்டர் பம்ப் எதையும் பாவித்ததாக வாங்க வேண்டாம். கதவு, கண்ணாடி, லைற், சுவிட்ச், அல்ரனேற்றர் பாவித்ததே சிறந்தது, புது டூப்ளிகேற்றைவிட நீண்ட காலம் உழைக்கும். ஒயில் பில்ரரிலும் இரிடியம் பிளக்கிலும் போலி கூட. பெட்டி அச்சைப் பார்த்து ஏமாறாமல், பில்ரரின் துளைகளுக்குள் ரப்பர் வால்வு இருக்கிறதா, பிளக்கின் நடு ஊசி மெல்லிதாகவும் நேராகவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கார் ஓடுகிற நிலையில் இருக்கும்போதே சாமானை எடுப்பியுங்கள். சஸி நம்பரையும் பழைய சாமானில் பொறித்த இலக்கத்தையும் படம் எடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். பார்சல் வந்ததும் பழையதோடு துளைக்குத் துளை, சொக்கற்றுக்குச் சொக்கற் ஒத்துப் பார்த்த பிறகுதான் ஸ்பானரைத் தொட வேண்டும். கழட்டிப் போட்டுவிட்டுத் தேடுகிறவர், வெள்ளிக்கிழமை பின்னேரம் கடையில் இருப்பதை வாங்கிப் பூட்டுவார்.